நிறுத்திய பிறகும் நிற்காத உலை

செட்டிநாட்டுப் பக்கம் பெரிய அணுமின் நிலையம் ஒன்று வரப்போவதில்லை. முதல் காரணம் தண்ணீர். மழைநீரை ஊருணியில் தேக்கி, அதை வைத்தே கோடையைக் கழித்த ஊர்கள் இவை. கூடங்குளத்தில் ஓடுவது போன்ற 1000 மெகாவாட் உலை ஒன்று உள்ளே உண்டாக்குவது 3000 மெகாவாட் வெப்பம். மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி 2000 மெகாவாட்டையும் எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். வற்றாத ஆறோ கடலோ பக்கத்தில் இல்லாமல் அது எளிதல்ல. கூடங்குளமும் கல்பாக்கமும் கடலோரத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். அங்கே சூடான நீர் நாள்தோறும் கடலில் போய்ச் சேர்கிறது. மீன்பாடு குறைகிறது என்று சொல்லும் கரையோர மக்கள் இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து கூடங்குளம் நேர்க்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். மின்சாரம் நமக்கு, தொல்லை அவர்களுக்கு என்று இருந்துவிடலாமா? இருந்துவிடலாம்தான். ஆனால் அணுமின்சாரத்தின் ஆபத்து எது என்று தெரிந்துகொள்ளாமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் வெறும் கட்சி கட்டுவதாகிவிடும்.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம். இந்த உலை அணுகுண்டு போல வெடிக்காது. குண்டுக்கு மிகவும் செறிவூட்டிய, அதாவது பிளவுபடும் வகை மிகுந்த யுரேனியம் வேண்டும். கூடங்குளத்து எரிபொருளில் பிளவுபடும் யுரேனியம் 100க்கு 5 பங்குகூடக் கிடையாது. அந்தச் சரக்கை வைத்துக் குண்டு வெடிப்பு நடத்த இயற்பியல் இடம் கொடுக்காது.

உண்மையான சிக்கல் உலையை நிறுத்திய பிறகு தொடங்குகிறது.

யுரேனிய அணுக்கரு பிளக்கும்போது இரண்டு துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. பெரும்பாலானவை நிலையற்ற தனிமங்கள். கதிர்வீச்சை உமிழ்ந்து உமிழ்ந்துதான் அடங்கும். உமிழும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெப்பம் வரும். கட்டுப்பாட்டுக் கழிகளை இறக்கினால் சில நொடிகளில் பிளவு நின்றுவிடும். ஏற்கெனவே உண்டான துண்டுகளின் சிதைவை மட்டும் எந்தக் கழியும் நிறுத்தாது. அதற்கு விசை கிடையாது, வால்வு கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 3000 மெகாவாட் வெப்ப உலையை நிறுத்திய அந்த நொடியில் சுமார் 200 மெகாவாட் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 40 மெகாவாட் அளவுக்கு இறங்கும், ஒரு நாளில் 15 அளவுக்கு. பரவாயில்லையே, இறங்கிவிட்டதே என்று தோன்றும். 15 மெகாவாட் வெப்பம் ஒரு நாளில் சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். கோடையில் 12,000 லிட்டர் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது எத்தனை லாரி என்று புரியும்: ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல். உலை ‘அணைந்த’ மறுநாள் நிலவரம் இது. அதன்பிறகு குறைவது மெதுவாகத்தான்.

ஆக, உலையைப் பாதுகாப்பது என்றால் தண்ணீர் ஓட்டத்தைப் பாதுகாப்பது. தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் இடமே வெளி மின்சாரத்தை நம்பி நிற்கும் வேடிக்கை இங்கேதான் வருகிறது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது அச்சாக இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாக நின்றன. அதுவரை எல்லாம் சரி. வெளி மின்சாரம் அறுந்தது; டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரம் கழித்துச் சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு ஆழிப்பேரலை வந்தது. நிலையத்தை வடிவமைத்தவர்கள் கணக்கில் கொண்டிருந்த அலை 6 மீட்டர் அளவுதான். ஜெனரேட்டர்களில் பல கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. மூழ்கின. பம்பு நின்றது, தண்ணீர் கொதித்து இறங்கியது, எரிபொருள் கழிகள் வெளியே தெரிந்தன.

அந்தக் கழிகளின் உறை சிர்கோனியக் கலவை. சாதாரண வெப்பத்தில் அருமையான உலோகம். 1000 டிகிரியைத் தாண்டும்போது நீராவியோடு வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கொட்டும். அந்த வினையே மேலும் வெப்பம் தரும். தொலைக்காட்சியில் உலகம் பார்த்த வெடிப்புகள் கூரைக்குக் கீழே சேர்ந்த இந்த ஹைட்ரஜன் வெடித்தவை. பிறகு கதிரியக்கச் சீசியமும் அயோடினும் காற்றில் கலந்தன. நிலையத்திலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் இருந்த ஈட்டாடே என்ற மலைக் கிராமத்தையும் காலி செய்ய வேண்டி வந்தது. வரைபடத்தில் வட்டம் போட்டு இதற்குள் ஆபத்து, அதற்கு வெளியே இல்லை என்று சொல்ல முடியாது. காற்று போகும் திசையும் மழையோ பனியோ விழும் இடமும் அதைத் தீர்மானிக்கும்.

கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றால் வெப்பத்தை இழுக்கும் அமைப்பும், உருகி விழும் எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டியும் உண்டு. ஃபுகுஷிமாவில் இவை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதேபோல, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டால் நிலக்கரிப் புகை கொன்றதில் மிகச் சிறு பங்குகூட அணுமின்சாரம் கொன்றதில்லை. எனக்கு இரண்டும் உண்மையாகவே படுகின்றன. சராசரியில் பாதுகாப்பானது, ஆனால் தவறினால் ஒரு வட்டாரத்தையே பல பத்தாண்டுகள் பூட்டிவிடும்.

பேரலை மட்டும்தான் எதிரி என்று நினைக்க வேண்டாம். காரைக்குடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எதிரி உண்டு: அரிப்பு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நம்மூர் வழக்கில் சிக்ரி, உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. கூடங்குளத்து வகை அணு உலைக்குள் இருப்பது சூடான, அழுத்தமான, போரிக் அமிலம் கலந்த நீர். 2002இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி உலையைச் சோதித்தபோது, சிறு விரிசல் வழியே கசிந்த அந்த அமிலம் உலைக் கலத்தின் மூடியில் 15 சென்டிமீட்டர் தடிமனான எஃகைத் தின்று குழியாக்கியிருந்தது தெரிந்தது. மிஞ்சியது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அழுத்தம் முழுவதையும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை.

2021 கடைசியில் பிரான்சில் சில உலைகளின் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் தென்பட்டன. ஒரே மாதிரி வடிவமைப்பு என்பதால் ஒன்றில் கண்டால் மற்றவற்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அந்த நாட்டின் அணுமின் உற்பத்தி 30 ஆண்டுகளுக்கும் மேலாக இல்லாத அளவுக்குச் சரிந்தது. முழுக்க ஒரே வகையை நம்பியதற்கு விலை அது.

பணத்தைப் பற்றி நகரத்தார் சீமையில் நீட்டி விளக்க வேண்டியதில்லை. வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள். அணுமின் நிலையத்தில் எரிபொருள் மலிவு, கட்டுமானத்துக்குத்தான் பெருமுதல். கட்டி முடியத் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி குட்டி போடும். பிரான்சின் ஃப்லாமன்வில் நிலையத்தின் மூன்றாம் உலை 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது.

அப்புறம் கழிவு. 1000 மெகாவாட் உலை ஆண்டுக்கு 20, 25 டன் பயன்படுத்திய எரிபொருளைத் தள்ளும். நிலக்கரிச் சாம்பலோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சிதைவு வெப்பம் இதிலும் தொடர்வதால் முதல் சில ஆண்டுகள் தண்ணீர்க் குளத்திலேயே வைத்திருக்க வேண்டும். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்காக 300 ஆண்டு. புளுட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டு.

இந்த எண்களைக் கேட்டால் எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. பர்மா தேக்கும் வெளிநாட்டுக் கண்ணாடியுமாய்க் கட்டிய வீடுகளில் பலவற்றுக்கு 100, 120 வயதுதான். கட்டியவர்களுக்குப் பணமும் இருந்தது, பரம்பரை தொடரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. மூன்றாம் தலைமுறையில் பங்காளிகள் ஐம்பது பேராகி, யார் ஓடு மாற்றுவது என்று முடிவாகாமல், கதவும் தூணும் பழம்பொருள் கடைக்கு வந்துவிட்டன. சொத்தையே காக்க முடியாத மனிதர்கள், யாருக்கும் பயன்படாத கழிவை 300 ஆண்டு காவல் காப்பார்களா?

காவலே தேவைப்படாத இடத்தில் புதைத்துவிடலாம் என்பது ஒரு வழி. பின்லாந்தில் ஒங்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் ஆழத்தில் பழம்பாறையைக் குடைந்து அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இந்தியா வேறு வழியில் போகிறது: பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்தி, மீதியைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்குவது. அப்போதும் அந்தக் கட்டிகளுக்கு ஒரு நிரந்தர இடம் வேண்டும். நம் நாட்டில் அப்படியோர் ஆழ்நிலைக் கிடங்கு இன்னும் இல்லை.

பின்லாந்து எடுத்துக்கொண்ட இந்த முறை ஸ்வீடன் உருவாக்கியது, ஸ்வீடன் திட்டமும் அதுதான்: கழிவைத் தடித்த செப்புக் கலனில் அடைத்து, களிமண்ணால் சூழ்ந்து, பாறைக்குள் வைப்பது. ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் செம்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதில் விஞ்ஞானிகளே மோதிக்கொண்டார்கள். 2018இல் ஸ்வீடன் நாட்டுச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் இந்தச் சந்தேகத்தைச் சுட்டிக்காட்டித் திட்டத்துக்கு உடன்பட மறுத்தது. மேலும் ஆய்வுகளைப் பார்த்த பிறகு 2022இல் அரசு அனுமதி கொடுத்தது. லட்சம் ஆண்டு தாங்க வேண்டிய கலனுக்கு, சில பத்தாண்டுச் சோதனையை வைத்து.