ஒப்பந்ததாரர் வேலை எந்த வால்வோடு முடிகிறது?

கிராமக் குடிநீரைத் தனியாரிடம் விடலாமா என்று இன்னும் விவாதிக்கிறோம். தமிழ்நாட்டில், பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவற்றில் அது எப்போதோ நடந்துவிட்டது. நீரேற்று நிலையத்தில் மோட்டார் போடுபவரும் பிரதானக் குழாய் உடைப்பை அடைப்பவரும் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்கள்தான். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வந்ததும் பொறுப்பு ஊராட்சிக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும் மாறிவிடும்.

சிக்கல் இந்த எல்லையில்தான். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார் போனால், "தொட்டிவரை கொடுத்தாச்சு" என்பார் ஒப்பந்ததாரர். "வந்ததே அரைத்தொட்டி" என்பார் ஆபரேட்டர். தீர்ப்பு சொல்ல வேண்டியது, தொட்டிக்கு வரும் தண்ணீரை அளக்கும் தொட்டியடி மீட்டர். நான் பார்த்த பல ஊர்களில் அது ஓடுவதில்லை. ஓடினாலும் கண்ணாடி மங்கி எண் தெரியாது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்பது, வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கு. 400 பேர் உள்ள ஊருக்கு ஒரு நாளைக்கு 22,000 லிட்டர். மீட்டர் இல்லாமல் இதை எப்படிக் கேட்பது?

அதைவிட மோசம், கிருமியைக் கொல்லும் குளோரின். அது ப்ளீச்சிங் பவுடரில் இருந்துதான் தண்ணீருக்கு வருகிறது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று வைத்தால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போதும். ஆனால் வாய் பிரித்த மூட்டை மோட்டார் ரூமில் ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். தொட்டியில் எழுதும் 'சுத்தம் செய்த நாள்' தேதியை மாற்றவோ கொஞ்சம் பெயிண்ட் போதும். அதனால் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்துப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும்.

தனியார் என்பதாலேயே கெட்டுவிடாது. இரவோடு இரவாக உடைப்பைச் சரிசெய்த ஒப்பந்ததாரர்களும் உண்டு. எதற்குப் பணம் தருகிறோம் என்பதுதான் கேள்வி. எத்தனை ஆள், எத்தனை ஷிப்ட் என்று மட்டும் பார்த்து பில் பாஸானால் ஆள் இருப்பார், தண்ணீர் இருக்காது. மீட்டர் அளவையும் கடைசிக் குழாயின் குளோரின் அளவையும் பில்லோடு சேர்க்க வேண்டும். ஊராட்சியும் கைகழுவ முடியாது. 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊருக்குக் குடிநீர் கொடுப்பது அதன் கடமை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் மீட்டர் பதிவேட்டையும் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். நகல் கையில் இல்லை என்றால், சரி, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.