பச்சை டிக்கை நம்பி மெர்ஜ் செய்யாதீர்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் கோடு எழுதும் நம்மவர்களிடையே, "ப்ரூஃபையும் ஏஐ ஏஜென்ட்டே எழுதிவிடும்" என்ற பேச்சு அடிபடுகிறது. எழுதும்தான். ப்ரூஃப், அதாவது கோடு கேட்டபடியே நடக்கும் என்பதற்கான கணித நிரூபணம், ஆளைத் தின்னும் வேலை. 2009-இல் நிரூபித்துக் காட்டிய எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கெர்னலில் சி கோடு ஏறத்தாழ 8,700 வரி, ப்ரூஃப் ஏறத்தாழ 2,00,000 வரி. அந்தச் சுமையை ஏஜென்ட் தூக்கட்டும். எதை நிரூபிப்பது என்பதை மட்டும் அதன் கையில் விடாதீர்கள்.

கோடோடு ப்ரூஃபையும் சரிபார்க்கும் மொழியான டாஃப்னியில் ஒரு சார்ட் மெத்தடை ஏஜென்ட்டிடம் கேட்கிறீர்கள். முடிவில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் என்ஷ்யூர்ஸில் "அரே ஏறுவரிசையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால், எல்லா இடத்திலும் 0 நிரப்பும் கோடுகூட பாஸ் ஆகும். 5, 2, 9 உள்ளே போய் 0, 0, 0 வெளியே வரும், ஏறுவரிசைதானே! வெரிஃபையர் (ப்ரூஃபைச் சரிபார்த்துப் பச்சை டிக் போடும் கருவி) மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் பார்த்தது. உள்ளே போன மல்டிசெட்டும் (எந்த எண் எத்தனை முறை என்ற தொகுப்பு) வெளியே வந்ததும் ஒன்றே என்ற வரியைச் சேர்த்தால்தான் இது மாட்டும்.

ஸ்பெக் (எதை நிரூபிப்பது என்று சொல்லும் இந்த வரிகள்) சரியாக இருந்தாலும் ஏஜென்ட்டுக்குக் குறுக்குவழி உண்டு. லூப் இன்வேரியன்ட் (லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாத உண்மை) பிடிபடாவிட்டால் நடுவில் ஒரு அஸ்யூம், அதாவது 'நிரூபிக்காமலே நம்பிக்கொள்' என்ற வரி, செருகிவிடும். லீன் என்ற இன்னொரு ப்ரூஃப் மொழியில் என்றால் சாரி (பெயரிலேயே மன்னிப்பு). இவற்றை டாஃப்னி ஆடிட், லீனின் பிரின்ட் ஆக்சியம்ஸ் ஆகிய கட்டளைகள் காட்டிக்கொடுத்துவிடும். மெத்தடைக் கூப்பிடுமுன் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ரிக்வயர்ஸில், ஒரே எண்ணுக்கு "10-க்கு மேல்", "5-க்குக் கீழ்" என முரண்படும் நிபந்தனைகள் சேர்ந்தால்தான் வம்பு. அந்த மெத்தடை எந்த மதிப்போடும் கூப்பிட முடியாது. உள்ளே என்ன குப்பை இருந்தாலும் பச்சைதான்.

ஆகவே ரிக்வயர்ஸ், என்ஷ்யூர்ஸ் வரிகளில் டிஃப் வந்தால், ஒருவர் பார்க்கும்வரை மெர்ஜ் நிற்க வேண்டும். அவை கூப்பிடும் ப்ரெடிகேட்களையும் (உண்மையா பொய்யா என்று சொல்லும் ஃபங்ஷன்கள்) சேர்த்துப் பூட்டுங்கள். ஏறுவரிசை ப்ரெடிகேட்டின் உடம்பை 'ட்ரூ' என்று மாற்றினால் என்ஷ்யூர்ஸ் வரி அப்படியே இருக்கும், அர்த்தம் போயிருக்கும். பிறகு வேண்டுமென்றே கோடைக் கெடுத்துப் பாருங்கள்: சார்ட் மெத்தடில் இரு எண்களை இடம்மாற்றும் ஸ்வாப் வரியை எடுத்தபின்னும் பச்சை என்றால் ஸ்பெக்கில் ஓட்டை.

வெரிஃபையர் நேரத்துக்குள் முடிக்காமல் டைம்அவுட் வந்தால் ஏஜென்ட் நேர வரம்பை ஏற்றப் பார்க்கும். விடாதீர்கள், லெம்மாவை (துணை நிரூபணத்தை) பிரிக்கச் சொல்லுங்கள். வரம்பை ஒட்டிப் பாஸான ப்ரூஃப், டாஃப்னி உள்ளே ஓட்டும் இசட்3 சால்வரின் ரேண்டம் சீட் மாறினாலே விழக்கூடும்.

இன்னொன்று: டாஃப்னியின் இன்ட்டுக்கு எல்லையில்லை, ஜாவா இன்ட் 2,147,483,647-ஐத் தாண்டினால் நெகட்டிவாகிவிடும். ஜாவா லைப்ரரியின் பைனரி சர்ச்சில், இரு முனை இன்டெக்ஸைக் கூட்டிப் பாதியாக்கும் வரியில் இருந்த இந்தப் பிழை 2006-இல்தான் வெளியே தெரிந்தது. ப்ரூஃப் டாஃப்னியில், ஓடுவது கையால் எழுதிய ஜாவா என்றால், மாடலிலேயே 32 பிட் எல்லையுள்ள டைப்பைப் போடச் சொல்லுங்கள்.