பாதாள சாக்கடை வைப்புத்தொகை: கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

உங்கள் தெருவில் பாதாள சாக்கடை வரப்போகிறது, வைப்புத்தொகை இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்டுங்கள் என்று நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கும். அதைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியாது. வீட்டுக் கழிவறையிலிருந்து தெருக்குழி வரை குழாய் போடும் செலவு, ரோடு வெட்டும் கட்டணம், பழைய செப்டிக் டேங்கை மூடும் செலவு, அப்புறம் காலத்துக்கும் சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். இதை கவுன்ட்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கேட்டாலும் "அதெல்லாம் அப்புறம் சொல்வாங்க" என்பதுதான் பதில்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தின் விதிப்படி, ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர் என்றால் செலவில் பாதி மத்திய அரசின் பங்கு. ஒன்று முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் 25 சதவீதம். மீதி மாநில அரசும் உள்ளாட்சியும். உள்ளாட்சியின் பங்கு என்றால் பெரும்பாலும் கடன்தான். அதை அடைக்கப்போவது உங்கள் வைப்புத்தொகையும் வரியும் கட்டணமும். ஆகவே கணக்குக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

மக்களிடம் முன்பணம் வாங்கித் திட்டம் போடுவதற்கு வழி காட்டிய ஊர் சென்னையை ஒட்டிய ஆலந்தூர். 1990-களின் கடைசியில், அது தனி நகராட்சியாக இருந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று வசூலித்தார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். பிற்பாடு வந்த ஊர்கள் பல, வசூலிப்பதை மட்டும் கற்றுக்கொண்டன. பேசுவதை விட்டுவிட்டன.

வரி ரசீதில் யார் பெயர்?

வைப்புத்தொகை, குடிநீர் இணைப்பு, சேவைக் கட்டணம் எல்லாமே சொத்து வரி விதிப்பு எண்ணின்மேல்தான் ஏறும். அந்த எண் உயிரோடு இல்லாத அப்பா பெயரிலோ, வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலோ இருந்தால் முதல் நாளே விண்ணப்பம் நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் கதை இது. வீடு கணவர் பெயரில். அவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. வரியை மட்டும் இந்த அம்மா ஒழுங்காகக் கட்டிவந்திருக்கிறார். வைப்புத்தொகை கட்டப் போனால், பெயர் மாற்றம் செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அது தாசில்தார் அலுவலகத்தில். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. இத்தனைக்கும் அதே இறந்த மனிதர் பெயரில் வரி மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதனால், ஊரில் பாதாள சாக்கடை என்ற பேச்சு எழுந்ததுமே வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பெயர், கதவு எண், பரப்பளவு மூன்றும் சரியாக இருக்கிறதா? இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். குழி தோண்ட ஆரம்பித்த பிறகு ஓடினால் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள். பாக்கி வரி இருந்தாலும் விண்ணப்பம் நகராது. பழைய ரசீதுகளைத் தேடி வையுங்கள். கட்டிய வரி கணினியில் ஏறாமல் பாக்கி என்று காட்டுவது நடக்கிற விஷயம்தான். ரசீது இல்லாவிட்டால் இரண்டாம் முறை கட்டச் சொல்வார்கள்.

வீடா, கடையா?

தொகை ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் கட்டடத்தின் சதுர அடியையும், வீடா வணிகமா என்பதையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாலோ, திண்ணையில் பெட்டிக்கடை வைத்திருந்தாலோ முழு வீட்டையும் வணிகம் என்று எழுதிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். வகை மாறினால் வைப்புத்தொகையோடு சேவைக் கட்டணமும் ஏறும். எந்தப் பகுதி கடை, எத்தனை சதுர அடி என்பதைத் தனியாகக் குறிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸ் வந்ததும் கொடுக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு போனால், நீங்களே ஒப்புக்கொண்டுதானே கட்டினீர்கள் என்பார்கள்.

இன்னொன்று. இணைப்புக்காக அளக்க வருகிறவர், மாடியில் போட்ட ஷெட்டையும் பார்ப்பார். சொத்து வரி திருத்தத்துக்கு இதுவே வழியாகிவிடும். கூடுதலாகக் கட்டியதை மறைக்கச் சொல்லவில்லை. டேப் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் என்ன எழுதுகிறார் என்று நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். பெருக்கலில் வரும் தப்பு எப்போதும் உங்களுக்குப் பாதகமாகத்தான் வரும்.

ஒரே வளாகத்தில் மூன்று போர்ஷன், மூன்று வரி விதிப்பு எண் என்றால் மூன்று வைப்புத்தொகை கேட்கக்கூடும். ஒரே குழாய்தானே போகிறது என்று வாதாடிப் பயனில்லை. உங்கள் ஊர் மன்றத் தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்று நகல் கேளுங்கள். கட்டண விகிதம் மன்றத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. அதற்குக் காகிதம் இருக்கும். தவணையில் கட்ட வழி இருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். தவணை இருந்தும் சொல்லாமல் மொத்தமாகக் கட்ட வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் அதில் உண்டு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைப்புத்தொகை வீட்டு உரிமையாளர் கட்ட வேண்டியது. இணைப்பு அவர் சொத்தோடுதான் சேர்கிறது. "பாதி நீங்க போடுங்க" என்றால் போட வேண்டிய அவசியம் இல்லை.

ரசீது இல்லாத பணம் பணமே இல்லை

பில் கலெக்டரிடமோ, வார்டில் சுற்றும் "நம்ம ஆள்" யாரிடமோ கையில் பணம் கொடுக்காதீர்கள். ஆன்லைனிலோ, நகராட்சி கவுன்ட்டரிலோ கட்டுங்கள். ரசீதில் வரி விதிப்பு எண்ணும், "பாதாள சாக்கடை வைப்புத்தொகை" என்ற தலைப்பும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வெறும் "இதர வரவு" என்று போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். நாலு வருடம் கழித்து இணைப்பு தரும்போது இந்தத் தலைப்பில் பணம் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். நாலு வருடம் என்று மிகைப்படுத்தவில்லை, இந்தத் திட்டங்கள் அப்படித்தான் இழுக்கும். அதற்குள் அந்த ரசீதின் மை அழிந்துவிடும், நகல் எடுத்து வையுங்கள்.

ரோடு வெட்டும் கட்டணமும் இப்படித்தான். ஒப்பந்ததாரரே தெருவிலிருந்து வீட்டு வாசல் சேம்பர் (வீட்டுக் குழாய் வந்து சேரும் சிறு தொட்டி) வரை போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதற்கு உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. இருக்கிறதா இல்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும். நகராட்சியின் உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) கேட்டு எழுதி வாங்குங்கள். குழி வெட்டும் ஆட்கள் "சார், வாசல் வரைக்கும் இழுத்துத் தரோம், ஒரு ஐயாயிரம்" என்று கேட்கும்போது காட்டுவதற்கு அந்தக் காகிதம் வேண்டும்.

மட்டம் பார்க்காமல் இணைப்பு எடுக்காதீர்கள்

பணத்தைவிட அதிகம் பேர் அவதிப்படுவது இதில்தான். உங்கள் கழிவறைத் தரை, தெருவில் உள்ள மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், லைன் அடைக்கும் நாளில் தெருக் கழிவு முழுக்க உங்கள் வீட்டுக்குள் வரும். ரோட்டை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திய தெருக்களில் பழைய வீடுகள் எல்லாமே இந்த நிலையில்தான் இருக்கின்றன. கொத்தனாரிடம் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய் இருக்கும். ஒரு முனையை மேன்ஹோல் மூடியருகே பிடித்து, மறுமுனையைக் கழிவறை வாசலில் பிடித்தால் அஞ்சு நிமிடத்தில் தெரிந்துவிடும். தாழ்வாக இருந்தால் கழிவு திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வைக்காமல் இணைக்க விடாதீர்கள். அதன் செலவும் உங்களுடையதுதான், நோட்டீஸில் இருக்காது.

மொட்டைமாடி மழைநீர்க் குழாயை இதில் சேர்க்கவே கூடாது. பிளம்பர் சுலபமாக இருக்கிறது என்று சேர்த்துவிடுவார். பாதாள சாக்கடைக் குழாய் மழையைத் தாங்கும் அளவுக்குப் போட்டதல்ல. பத்து வீடு இப்படிச் செய்தால் ஐப்பசி மழையில் தெரு முனை மேன்ஹோல் பொங்கும்.

இணைப்பு கொடுத்த பிறகு செப்டிக் டேங்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். லாரி வைத்து எடுத்துவிட்டு மணல் கொட்டி மூட வேண்டும். அடைப்பு என்றாலோ டேங்க் எடுக்க வேண்டும் என்றாலோ யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறக்கிவிட்டவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கும். வீட்டுக்காரர் என்பதால் தப்ப முடியாது. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கழிவுநீர் லாரிக்கு 14420 எண்ணில் கூப்பிடலாம்.

கட்டணம் எந்த நாளிலிருந்து?

குழாய் போட்டாகிவிட்டது, ஆனால் கழிவுநீரை பம்ப் செய்யும் உந்து நிலையத்துக்கு மின்சாரம் வரவில்லை, சுத்திகரிப்பு நிலையம் முடியவில்லை. இந்த நிலையிலேயே உங்கள் பெயரில் சேவைக் கட்டணம் ஏற ஆரம்பித்திருக்கும். நீங்கள் பார்ப்பது அடுத்த வரி கட்டும்போதுதான். இணைப்பு கொடுத்த தேதியை ஏ.இ. கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்தால் அதற்கு முந்தைய கட்டணத்தை நீக்கச் சொல்லி எழுதலாம். வாங்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நம் ஊருக்கு ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது? பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டி அளவு. அதில் சுமார் 80 சதவீதம் கழிவாகப் போகும் என்று வைத்துத்தான் குழாயின் அளவையும் சரிவையும் கணக்கிடுகிறார்கள். அஞ்சு நாளைக்கு ஒருமுறை குடிநீர் விடும் ஊரில் குழாய்க்குள் கழிவைத் தள்ள எங்கிருந்து ஓட்டம் வரும்? தேங்கும், அடைக்கும். சாக்கடைக்கு டெண்டர், குடிநீருக்கு "அடுத்த கட்டம்" என்றால் அங்கேயே தகராறு பண்ணுங்கள். வார்டில் ஏரியா சபா என்ற மக்கள் கூட்டம் நடந்தால் அங்கே கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் கேட்டது கேட்காததற்குச் சமம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இந்த வைப்புத்தொகைக் கதை பொருந்தாது. அங்கே, கிராம வீடுகளுக்குக் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் குழாய்க்கு ஊர்ப் பங்களிப்பு என்று கேட்பார்கள். ஊருக்குள் ஆகும் கட்டுமானச் செலவில் 10 சதவீதம். மலை, வனப் பகுதிகளிலும், எஸ்.சி., எஸ்.டி. மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் 5 சதவீதம். அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்று இல்லை, பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் கிராம சபையில் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள்.

எழுதிக் கேட்டும் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: கட்டண விகிதம் தீர்மானித்த மன்றத் தீர்மானத்தின் நகல், ஒப்பந்தத்தில் வீட்டு இணைப்பு பற்றிய பக்கங்களின் நகல், தோண்டிய ரோட்டை ஒப்பந்ததாரர் சரிசெய்ய வேண்டிய காலம் (குறைபாடு பொறுப்புக் காலம்) முடியும் தேதி, உங்கள் வரி விதிப்பு எண்ணில் வரவான வைப்புத்தொகையின் பதிவேட்டு நகல். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. தபால் அனுப்பிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், "உங்கள் மனு வரவில்லை" என்பதுதான் அவர்களிடம் தயாராக இருக்கும் முதல் பதில்.