எடை கூடிய சேவலை விற்றுவிட்டு, மெலிந்ததை இனத்துக்கு விடுகிறோம்

தீபாவளி நெருங்கும்போது பண்ணைக்கு வரும் வியாபாரி, கூட்டத்தில் நல்ல எடையுள்ள சேவல்களைத்தான் முதலில் பிடித்துத் தராசில் வைப்பார். பணமும் உடனே கைக்கு வரும். மிஞ்சி நிற்கும் மெலிந்த சேவல்கள் பெட்டைகளோடு சேர்ந்து அடுத்த வருடக் குஞ்சுகளுக்குத் தகப்பனாகிவிடும். இதுவும் இனத்தேர்வுதான் (அடுத்த தலைமுறைக்கு எந்தப் பறவை பெற்றோராவது என்று பொறுக்குவது), ஆனால் தலைகீழாக நடக்கிறது. "முன்னெல்லாம் மூணு மாசத்துல நல்லா எடை வரும், இப்ப தீவனமே சரியில்ல" என்று அலுத்துக்கொள்வதற்கு முன், சேவல்களை எந்த வரிசையில் விற்கிறோம் என்று பார்ப்பது நல்லது.

கோழியின் உடல் எடை, பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு ஓரளவு நன்றாகவே இறங்கும் குணம். முட்டை எண்ணிக்கை அந்த அளவுக்கு இறங்காது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று கறிக்கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905, 1808, 4202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் வித்தியாசம் முழுவதும் இனத்தேர்வால் வந்தது. பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு இந்த மூன்று எண்களே பதில்.

நாட்டுக்கோழிப் பண்ணையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கணக்குக்காக, 12 வாரத்தில் சேவல்களின் சராசரி 1000 கிராம், பெட்டைகளின் சராசரி 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சேவல்களில் பத்தில் ஒன்றை மட்டும் நிறுத்துகிறீர்கள், அவற்றின் சராசரி 1200. பெட்டைகளில் மேல்பாதியை நிறுத்துகிறீர்கள், அவற்றின் சராசரி 870. கூடுதல் 200, 70. இரண்டுக்கும் நடுவே 135 கிராம். இதில் சுமார் 30 சதவீதம் குஞ்சுகளுக்கு இறங்கும் என்று கொண்டால், அடுத்த தலைமுறை ஏறக்குறைய 40 கிராம் முன்னேறும். அதே கூட்டத்தில் மேல்பாதிச் சேவல்கள் வியாபாரியோடு போய்விட்டு, மிச்சச் சேவல்களின் சராசரி 910 ஆகிவிட்டால், பெட்டைகளைப் பொறுக்காமல் எல்லாவற்றையும் வைத்திருந்தாலும் தலைமுறைக்கு 13 கிராம் பின்னே போகும். வருடத்துக்கு ஒரு தலைமுறை என்றால் ஐந்து வருடத்தில் வரும் இடைவெளியை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

எடை போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எட்டு வாரத்திலிருந்து 12 வாரம் வரை நாட்டுக்கோழி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். ஒரு வாரம் முன்னால் பொரித்த குஞ்சு, வேறு எந்தச் சிறப்பும் இல்லாமலே 70 முதல் 100 கிராம் கூடுதலாக நிற்கும். மேலே சொன்ன கணக்கில் பெட்டைகளுக்குக் கிடைத்த மொத்தக் கூடுதலே 70 கிராம்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே ஒரே நாளில் பொரித்தவற்றை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட வேண்டும். சேவல் தனி, பெட்டை தனி. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனிச் சராசரி எழுதி, அதைவிட எத்தனை கிராம் மேலே என்பதை வைத்துத் தேர்வு செய்யுங்கள். முந்தின இரவே தீவனத்தை எடுத்துவிட்டு, விடியற்காலையில் எடை போடுங்கள். இரைப்பை நிறைந்திருந்தால் அதுவே எளிதாக 30, 40 கிராம் காட்டிவிடும். எட்டாவது வாரம் கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பூசி போடுபவர்கள், எடையை ஊசிக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில பறவைகள் இரண்டொரு நாள் சரியாகத் தீவனம் எடுக்காது. ரத்தக்கழிச்சல் (காக்சிடியோசிஸ் என்ற குடல் நோய்) வந்த பேட்ச்சிலிருந்து இனப்பறவை எடுக்கவே வேண்டாம். அங்கே தராசு காட்டுவது நோய் யாரை எவ்வளவு தாக்கியது என்பதை.

அடையாளம் இல்லாமல் எடை போட்டுப் பயனில்லை. கால் வளையம் போட்டால், வளர வளர மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோலுக்குள் புதைந்து புண்ணாகும். பொரித்த அன்றே விரலிடைச் சவ்வில் துளையிடுவது செலவில்லாத வழி. காலுக்கு இரண்டு சவ்வு, மொத்தம் நான்கு. எதில் துளை, எதில் இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 குடும்பங்களைப் பிரித்தறியலாம்.

எடையில் முதலாவதாக வந்ததாலேயே ஒரு பறவை தேர்வாகிவிடக் கூடாது. வளைந்த விரல், உள்வாங்கிய முழங்கால், கோணிய மார்பெலும்பு, மூச்சிரைப்பு இருந்தால் எவ்வளவு கனமானாலும் கறிக்கு அனுப்பிவிடுங்கள். எடை ஒன்றையே துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1957இல் தொடங்கிய சோதனை சாட்சி. ஒரே கோழிக்கூட்டத்திலிருந்து இரண்டு வரிசைகளைப் பிரித்து, ஒன்றில் 56ஆம் நாள் எடை கூடியவற்றையும் மற்றதில் குறைந்தவற்றையும் தொடர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். நாற்பது தலைமுறைக்கு மேல் போனபோது எடை வித்தியாசம் எட்டு மடங்கைத் தாண்டியது. கனமான வரிசைக்கு வயிறு நிறைந்தது தெரியாமல் போனது. தீவனத்தை அளந்து கொடுக்காவிட்டால் கொழுத்துப் போகும். மெலிந்த வரிசையிலோ தீவனத்தையே தொடாத குஞ்சுகள் பிறந்தன. கனம் கூடக்கூட முட்டை குறைவதும் வழக்கம். அதனால் மிகக் குறைவாக முட்டையிடும் பெட்டையை, கனமாக இருக்கிறதே என்று இனத்துக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிராய்லர் சேவலை விட்டால் ஒரே தலைமுறையில் எடை வருமே என்று கேட்பார்கள். முதல் தலைமுறையில் வரும்தான். அந்தக் கலப்புகளையே தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறை ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சிதறும். அடைகாக்கும் குணமும் கைவிட்டுப் போகத் தொடங்கும். வேகமான வளர்ச்சிதான் தேவை என்றால், நந்தனம் கோழி, வனராஜா போலப் புறக்கடைக்கென்றே உருவாக்கிய வகையை ஒவ்வொரு முறையும் குஞ்சாக வாங்கி வளர்ப்பது மேல். அவற்றைச் சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழிக் கூட்டத்தோடு கலந்து விடாதீர்கள்.

கடைசியாக, சேவல்களின் எண்ணிக்கை. நன்றாக வளர்ந்த ஒரே சேவலை பத்துப் பெட்டைக்கு விட்டு, அதன் பிள்ளைகளை அதே கொட்டகையில் சேர்த்தால், ஒரு தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவுப் பறவைகள் இணைவது) ஏறக்குறைய 14 சதவீதம் ஏறும். பொரிப்புத்திறன் விழும், குஞ்சுச் சாவு கூடும். தேர்வில் சம்பாதித்த எடை இதில் கரைந்துவிடும். ஐந்து சேவல், ஐம்பது பெட்டை என்றால் 3 சதவீதத்துக்குள் நிற்கும். பத்துச் சேவல் வைக்க முடிந்தால் 1.5 சதவீதம். பெட்டைகளை மூன்று கொட்டகையாகப் பிரித்து, மகள்களைத் தாயின் கொட்டகையிலேயே நிறுத்தி, மகன்களை மட்டும் அடுத்த கொட்டகைக்கு மாற்றுங்கள்: ஒன்றின் சேவல் இரண்டுக்கு, இரண்டின் சேவல் மூன்றுக்கு, மூன்றின் சேவல் ஒன்றுக்கு. சேவலை மாற்றிய பிறகு மூன்று வாரம் வரை வரும் முட்டைகளை அடைவைக்காமல் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் அதுவரை உயிரோடு இருக்கும்.