கையை அளந்து ஆளின் உயரத்தைச் சொல்ல முடியுமா?

வெடிவிபத்து, விமான விபத்து, உடலைக் கூறுபோட்டு வீசிய கொலை. இத்தகைய சம்பவங்களில் சில நேரம் பிணவறைக்கு ஒரு கை மட்டுமே வந்து சேர்கிறது. விரல் ரேகை தெளிவாக இருந்து, ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். மரபணுச் சோதனையும் உறுதியான வழிதான். ஆனால் யாருடைய உறவினரிடம் மாதிரி எடுப்பது என்று முதலில் தெரிய வேண்டும். காணாமல் போனோர் பட்டியல் நீளமாக இருந்தால் அதைச் சுருக்கித் தருவதற்கே உயரக் கணிப்பு பயன்படுகிறது. ஆள் இன்னார் என்று அது சொல்லாது. இன்னாராக இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லும்.

மணிக்கட்டின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு முனைகளை ஒரு கோட்டால் இணைத்து, அதன் நடுப்புள்ளியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளப்பது கை நீளம். நகம் கணக்கில் வராது. ஆள்காட்டி விரலின் அடிமுட்டிக்கும் சுண்டுவிரலின் அடிமுட்டிக்கும் இடையே குறுக்காக அளப்பது கை அகலம். நாடா வளைவுகளோடு வளைந்து போகும் என்பதால் காலிப்பர் கருவியால்தான் அளக்கிறார்கள். இரண்டு அளவுகளில் நீளமே நம்பகமானது. அகலத்தில் சதைப்பற்றுக்கும் செய்யும் தொழிலுக்கும் பங்கு உண்டு.

எவரும் அவரவர் கையால் எண்சாண் உயரம் என்பது நம்மூர்க் கணக்கு. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்றார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அழகான எண், ஆனால் சரியில்லை. பெரியவர்களிடம் கை நீளம் உயரத்தில் ஏறத்தாழ 11 சதவீதம். விட்ருவியஸை நம்பினால் 18.5 செ.மீ. கை உடையவர் 185 செ.மீ. இருக்க வேண்டும். உண்மையில் அவர் 170ஐ ஒட்டியே இருப்பார்.

சரி, விகிதத்தைத் திருத்திக்கொண்டு பெருக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஓர் ஊர் ஆண்களின் சராசரி உயரம் 168 செ.மீ., சராசரி கை நீளம் 18.5 செ.மீ. என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். பெருக்கும் எண் 9.08. கை 20.5 செ.மீ. இருந்தால் உயரம் 186 என்று விடை வரும். ஆனால் பெரிய கை உடைய எல்லோரும் அதே அளவுக்கு நெட்டையர்கள் அல்லர். நடுத்தர உயரமும் நீண்ட விரல்களும் கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். நூற்றுக்கணக்கானோரை அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், அவற்றுக்குப் பொருந்தும் கோடு அவ்வளவு செங்குத்தாக ஏறுவதில்லை. கை ஒரு செ.மீ. கூடும்போது உயரம் 4.5 செ.மீ. கூடுவதாகக் கோடு காட்டினால், அதே 20.5 செ.மீ. கைக்கு உயரம் 177தான். சிறிய கைக்கு இது தலைகீழ்: 16.5 செ.மீ. கைக்குப் பெருக்கல் 150 என்கிறது, கோடு 159 என்கிறது. புள்ளியியலில் இதற்குத் தொடர்புப் போக்குக் கோடு என்று பெயர்.

இந்தக் கணிதம் பிறந்ததே இப்படிப்பட்ட அளவுகளிலிருந்துதான். இனமேம்பாட்டு வாதத்தால் பின்னாளில் பெயர் கெட்டுப்போன ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், 1888இல் 350 ஆண்களின் உடல் அளவுகளை வைத்து ஒட்டுறவு என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண் அது; முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. உயரத்துக்கும் இடது நடுவிரலுக்கும் உள்ள ஒட்டுறவு 0.7 என்றும், முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான முழத்துக்கு 0.8 என்றும் கண்டார். 0.7ஐ அதனாலேயே பெருக்கினால் 0.49. அதாவது, மனிதர்களிடையே காணும் உயர வேறுபாட்டில் பாதியைத்தான் விரல் விளக்குகிறது. மீதி காலிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது.

உயரத்தைக் கணிப்பதில் தொடையெலும்பு கையை மிஞ்சுவது இயல்பே. அது உயரத்தின் ஒரு பகுதி. நிற்கும் மனிதரைத் தாங்குவது. கை அப்படியல்ல, ஒரே வளர்ச்சியில் பங்கு பெற்ற உறுப்பு மட்டுமே. அமெரிக்கப் போர்வீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து ட்ராட்டரும் கிளெசரும் 1952இல் வெளியிட்ட சூத்திரங்களில், வெள்ளையின ஆண்களின் தொடையெலும்புக்கான திட்டப் பிழை, அதாவது கணிப்பு உண்மையான உயரத்திலிருந்து பொதுவாக விலகும் அளவு, 3.27 செ.மீ. கை நீளத்தில் அது 5 செ.மீ. வரை போவது சாதாரணம். பிழையின் இரு மடங்கை இருபுறமும் விட்டால்தான் 95 சதவீத நம்பிக்கை கிடைக்கும் என்பதால், நம் எடுத்துக்காட்டில் அறிக்கை 177 என்று முடியக் கூடாது. 167 முதல் 187 வரை என்று இருக்க வேண்டும். குறுகிய எல்லையைக் கேட்கும் விசாரணை அதிகாரிக்கு எரிச்சல்தான் வரும், ஆனாலும் நேர்மையான விடை இதுதான்.

ஓரிடத்துச் சூத்திரம் இன்னோரிடத்துக்குப் பொருந்தாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வேண்டும். வளரிளம் பருவத்தினரிடம் இது பலிக்காது, ஏனெனில் கையும் பாதமும் முந்திக்கொண்டு வளர, உடல் பிறகுதான் எட்டிப் பிடிக்கிறது. இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் பலவும் மருத்துவக் கல்லூரி மாணவர்களை அளந்தவை. எளிதில் கிடைப்பவர்கள் அவர்கள்தாம்! அறுபது வயதுக்காரரின் கையில் அந்தச் சூத்திரத்தைப் போட்டால், முதுகெலும்பு குறுகியதைக் கணக்கில் எடுக்காமல் உயரத்தைக் கூட்டிச் சொல்லும். தீயில் கருகிய கை சுருங்கியிருக்கும்; நீரில் ஊறிய கை உப்பியிருக்கும்.

ஒப்பிடும் மறுபக்கமும் உறுதியானதல்ல. காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. காணாமல் போனவரைப் பற்றிய அறிவிப்பில் உள்ள 'உயரம் சுமார் ஐந்தரை அடி' என்பது, கலங்கிப்போன வீட்டார் நினைவிலிருந்து சொன்னது. ஆகவே கணிப்பைப் பொருத்திப் பார்க்கும் முன், ராணுவம், காவல்துறை போன்ற வேலைகளுக்கான தேர்விலோ மருத்துவமனைக் குறிப்பிலோ அளந்து எழுதிய உயரம் உண்டா என்று தேடிப் பார்ப்பது நல்லது.