செத்தவீடு நடக்காத வீடுகளின் துயரம்

ஒருவர் இறந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இலங்கையின் வன்னியில் எல்லோருக்கும் தெரியும். வாய்க்கரிசி, காடாத்து, எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுதோறும் திவசம். ஆனாலும் வாசல் படலைச் சத்தம் கேட்டால் இறந்தவர்தான் வருகிறார் என்று நிமிர்வது மனதின் ஆழமான பழக்கம். உடலைக் கண்ணால் கண்டு, ஊர் கூடி அழுது, ஒவ்வொரு சடங்காகக் கடக்கும்போதுதான் அந்த எதிர்பார்ப்பு மெல்லத் தளர்கிறது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது வட்டுவாகலில் படையினரிடம் கையளித்த பிள்ளையைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை என்று சொல்லும் தாய்க்கு இவற்றில் ஒன்றுமே கிடைக்கவில்லை. இறந்ததற்குச் சான்று இல்லாததால் மனம் எதிர்பார்ப்பைக் கைவிடாது. வருவார் என்பதற்கும் சான்று இல்லாததால் நிம்மதியும் கிடையாது. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். கோளாறு அந்தத் தாயின் மனதில் இல்லை, அவர் மாட்டுப்பட்டிருக்கும் நிலைமையில்தான் இருக்கிறது என்பது பாஸின் முக்கியமான முடிவு.

இதை நீடித்த துயரக் கோளாறோடு குழப்பக்கூடாது. அது நெருங்கிய ஒருவர் இறந்தது உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு உரியது. தாங்கமுடியாத ஏக்கம் நாளாந்த வாழ்வை முடக்கி, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநலக் கையேட்டின்படி வளர்ந்தோருக்கு 12 மாதம் நீடித்தால் அப்படிக் கணிப்பார்கள். இதற்கென 16 அமர்வுகள் கொண்ட பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. இறந்த கணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவைத்துப் பதிவுசெய்து, அதை வீட்டில் கேட்கச் சொல்வார்கள். தவிர்த்துவந்த இடங்களுக்கும் படிப்படியாகப் போகவைப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை கூடவே உள்ள சோர்வைக் குறைக்கும், ஏக்கத்தைத் தீர்க்காது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் பெரும்பாலும் பிழை நடக்கும் இடம் ஒன்று உண்டு. "திவசத்தைச் செய்து முடியுங்கோ" என்று உறவினர் நெருக்குவார்கள். மனைவிக்கு அது கணவனைத் தன் கையால் கொல்வதுபோல் இருக்கும். மாமியார் ஒன்று நம்ப, மகன் வேறொன்று நம்ப, வீடு இரண்டாகும். எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவேண்டியதில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுவதுதான் உண்மைக்கு நெருக்கம். தெளிவற்ற இழப்புக்கான சிகிச்சையும் அதைத்தான் பழக்குகிறது.

காணாமற்போனவர் செய்த வேலைகளை, வயல் பார்ப்பதை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவதை, யார் செய்வது என்று வாய்திறந்து பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். திவசத்துக்கு மனம் ஒப்பாவிட்டால் பிறந்தநாளில் அவருடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யலாம். உயிரோடிருப்பவருக்கும் செய்வதுதானே அது. சொத்து, வங்கி அலுவல்களுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் போராடிவரும் உறவுகள் கேட்பது பதில்தான். ஆனால் அந்தப் போராட்டக் கூடாரத்தில் யாரும் யாரையும் 'மறந்துவிடு' என்று சொல்வதில்லை. அதுவே பெரிய மருந்து.

நித்திரை வாரக்கணக்கில் கெட்டால், குடி கூடினால், "நானும் போயிடுறன்" என்ற பேச்சு வந்தால் பொறுக்கக்கூடாது. ஆளைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள, பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியை உடனே வெளியே கொண்டுபோய்விட்டு, மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.