மூட்டும் மூட்டுப் பிடிப்பும்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் கணினி வரைபு வகுப்பில் மாணவர் ஒருவர் அரை நாளை இழந்தார். குற்றம் அவருடையதன்று, ஒரு சொல்லுடையது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலரைப் பாகம் பாகமாக வரைந்து கோத்திருந்தார். எதைப் பிடித்து இழுத்தாலும் அசையவில்லை. கைத்தொலைபேசியில் தேடியபோது கிடைத்த தமிழ்க் குறிப்பு, இணைப்பு நகராவிட்டால் இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னது. பாகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அசையும் இடத்தை, அதாவது ஆங்கிலத்தின் 'ஜொயின்ட்'டைத்தான், அது 'இணைப்பு' என்று எழுதியிருந்தது. கோப்புகளுக்கு இடையிலான இணைப்புத்தான் அறுந்துவிட்டது என்று எண்ணி, அத்தனை கோப்புகளையும் அழித்து மீண்டும் ஏற்றிக்கொண்டிருந்தார். "சேர், இணைப்பு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்மீது அன்று, அந்தக் குறிப்பை எழுதியவர்மீது.

ஆங்கிலத்தின் 'ஜொயின்ட்' இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மாடுகளை நுகத்தில் பூட்டுவதையும் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்கு வேர். நம்முடைய 'மூட்டு', மூட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது: சேர்த்தல், தைத்தல், பொருந்தச் செய்தல். புதுச் சாரத்தின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பதைச் சாரம் மூட்டுதல் என்கிறோம். முழங்கால் மூட்டு, தோள்மூட்டு, மூட்டுவலி ஆகியவற்றுக்கு விளக்கமே வேண்டாம். உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படித்தவர்கள் 'மூட்டிய கோல்கள்' என்ற பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். இலங்கைத் தமிழில் பொறியியலுக்கான சொல் பாடநூலிலேயே இருக்கிறது. அதைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை.

அப்படியிருக்க, 'இணைப்பு' எங்கிருந்து நுழைந்தது? இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குக் காரணம், எதற்கெடுத்தாலும் 'இணை' என்று தொடங்கும் நம் மொழிபெயர்ப்பாளர்களின் பழக்கம். இணையம், இணைப்பு, பின்னிணைப்பு, மின்னிணைப்பு என்று ஒரே வேரில் ஊரையே கட்டிவைத்திருக்கிறோம். நண்பர் ஒருவர் இதற்கு வரலாற்றுச் சான்றும் காட்டினார். ஜெர்மானியப் பொறியியலாளர் பிரான்ஸ் ரூலோ 1875இல் வெளியிட்ட நூலில், ஒன்றோடொன்று தொட்டு அசையும் இரு பாகங்களைச் சோடி என்றே வகுத்தார், சோடி என்றால் இணை, ஆகவே இணைப்பு சரிதானே என்றார். சரியில்லை. இணை என்பது இரண்டாக நிற்கும் பொருள்கள், இணைப்பு என்பது அவற்றை ஒன்றாக்கும் செயல். மேலும், பொறிமுறையில் மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே கிடக்கும் தண்டைத்தான் இணைப்பு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டையும் இணைப்பு என்றால், இணைப்பும் இணைப்பும் இணைப்பில் இணைகின்றன என்றுதான் எழுத வேண்டி வரும். இப்படி எழுதப்பட்ட பாடக் குறிப்பை நான் வாசித்திருக்கிறேன்.

குழப்பத்தைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. 'இணைப்பு' மாணவரின் மனத்தில் தவறான படத்தை வரைந்துவிடுகிறது. இணைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கிறார். மூட்டு அதற்கு நேர்மாறானது. எதிலும் கட்டப்படாமல் வெளியில் விடப்பட்ட ஒரு பாகத்துக்கு ஆறு வித அசைவுகள் உண்டு: மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி. அவற்றில் எவற்றை நிறுத்தி எதை விட்டுவைப்பது என்று சொல்வதே மூட்டின் வேலை. சுழல் மூட்டு ஒன்றை விடுகிறது, பந்துக் கிண்ண மூட்டு மூன்றை விடுகிறது. 'மூட்டு' என்றதும் முழங்கால் நினைவுக்கு வருகிறது, முழங்கால் மடங்கும். சாரத்தின் மூட்டு அசையாதே என்று கேட்பவர்களுக்கு: அது கிழியாமல் பிடித்துக்கொண்டு, நடக்கும்போது காலோடு வளைந்தும் கொடுக்கிறது.

'பொருத்து' என்ற சொல்லை முன்வைப்போர்மீது எனக்குக் கோபமில்லை. நல்ல பழைய சொல். ஆனால் அச்சு துளைக்குள் சரியாக உட்காருவதைப் பட்டறையில் பொருத்தம் என்கிறோம். சொலிட்வேர்க்ஸ் என்ற வரைபு மென்பொருளில் இரு முகங்களை ஒட்ட வைக்கும் கட்டளைக்கும் அதுவே ஏற்றது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

'மூட்டு' என்று வைத்துக்கொண்டால் கோளாறுக்கும் பெயர் தானாக வந்துவிடுகிறது. குளிர் நாளில் மலைக்கு ஏறும் கொழுந்து பறிக்கும் அம்மாக்கள், "முழங்கால் பிடித்துக்கொண்டது" என்கிறார்கள். அசையாத மூட்டு, மூட்டுப் பிடிப்பு. மூட்டு பிடித்துக்கொண்டால் நாம் கேட்கும் கேள்வி, எங்கே பிடித்திருக்கிறது என்பது. திரையிலும் அதையே கேட்க வேண்டும். இரண்டு பாகங்களையும் அசையாதபடி ஊன்றிவிட்டோமா? சுழல் மூட்டுக்குப் பதிலாக விறைத்த மூட்டைத் தெரிவுசெய்துவிட்டோமா? அசைவின் எல்லையைப் பூச்சியத்தில் வைத்துவிட்டோமா? சொலிட்வேர்க்ஸில், பல பாகங்களைக் கோத்த உட்தொகுதி ஒன்று தானாகவே விறைத்த நிலையில்தான் வந்து சேரும், நெகிழச் சொல்லாதவரை அதனுள் எதுவும் அசையாது.

அந்த மாணவரின் ரோலரில் இவை எதுவும் இல்லை. கொழுந்து நிரப்பும் உருளையை மூன்று கிராங்குகள், அதாவது சுழலும் கைகள், தாங்கி வட்டமாக ஓட்டுகின்றன. உருளை தன்னைத்தான் சுற்றாமல் மேசைமேல் வட்டமிடும். இரண்டு கிராங்குகளே அந்த அசைவைத் தீர்மானித்துவிடுகின்றன, மூன்றாவது அதையே திரும்பச் சொல்கிறது. திரும்பச் சொல்வது பிசகாமல் இருக்கும்வரை எல்லாம் ஓடும். அவர் வரைந்த மேசையில் மூன்றாவது துளை அரை மில்லிமீற்றர் விலகியிருந்தது. உண்மையான இயந்திரத்தில் தாங்கிகளுக்குள் இருக்கும் சிறு இடைவெளி சிறு பிசகுகளை விழுங்கிக்கொள்ளும். கணினிக்கு இடைவெளி தெரியாது. மூன்று கிராங்குகளும் ஒத்துப்போகும் ஒரு நிலையில் போய்ப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது மூட்டைத் தற்காலிகமாக முடக்கச் சொன்னேன். உருளை ஓடியது. துளையைத் திருத்தி, மூட்டைத் திரும்பக் கொடுத்தோம். அப்போதும் ஓடியது. அவர் தேடிய இணைப்பு அறுந்திருக்கவே இல்லை.

மாணவர் தேடி எடுத்த அதே குறிப்பில், ஊன்றிய பாகத்தை, ஆங்கிலத்தின் 'கிரவுண்டட்' என்பதைப் பார்த்து, 'தரையிடப்பட்ட கூறு' என்று வேறு எழுதியிருந்தார்கள். பாகம் எந்தத் தரையிலும் இல்லை. கம்பத்தை ஊன்றுவதுபோல் அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லின் மேல் தோலைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள், எழுதுமுன் அந்த மென்பொருளை ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

நகரவும் சுழலவும் விடும் உருளை மூட்டுக்கு மட்டும் நான் வகுப்பில் எந்த விளக்கமும் எழுதுவதில்லை. கதவின் தாழ்ப்பாளைக் காட்டுகிறேன். கம்பியைத் திருப்புகிறோம், பிறகு தள்ளுகிறோம்.